ஸ்னோவே காணாதவன் ஸ்கீ டூர் போகலாமோ? (சுவிஸ், க்ளி ஔப்ரிக்)

விசுவமடு பெடியன்:
வணக்கம். மாசி மாசம் சூரிச்ல இருக்கிற அண்ணாட்ட போறன். அவர் லிஃப்ட் ஒண்டும் இல்லாம ஸ்கீயோடயே மலை ஏறி இறங்குற ஆள், இந்தமுறை உன்னையும் கூட்டிக்கொண்டு போறன், ஐன்சீடல்ன் பக்கம் க்ளி ஔப்ரிக் எண்டு ஒரு மலை, 1642 மீற்றர்தான், பழகுற ஆக்களே போறது எண்டு நிக்கிறார். நான் ஏறின பெரிய ஏத்தம் இரணைமடுக் குளக்கட்டு. சரிவருமோ?

முல்லை அக்கா:
தம்பி, அந்த மலை லேசுதான், பொய்யில்லை. மலை அடியில இருக்கிற ஒய்த்தால் எண்ட ஊரில இருந்து 750 மீற்றர் ஏத்தம், புதுசா ஏறுற ஆளுக்கு ரெண்டரை மூண்டு மணித்தியாலம் பிடிக்கும். ஏறுறது நீங்கள் நினைக்கிற மாதிரி கஷ்டமும் இல்லை, ஸ்கீக்கு அடியில தோல் மாதிரி ஒரு பட்டி ஒட்டுவினம், மாட்டின்ர முதுகைத் தடவிப்பாருங்கோ, ஒருபக்கம் வழுவழு எண்டு போகும் எதிர்ப்பக்கம் சொரசொரக்கும் எல்லோ, அதேதான், முன்னுக்கு வழுக்கும் பின்னுக்கு வழுக்காது, குதிக்கால் கழண்டு நிக்கிறதால செருப்போட நடக்கிற மாதிரி நடக்கலாம். பிரச்சினை இறக்கம். மேல போய் பட்டியைக் கழட்டி குதிக்காலைப் பூட்டினாப்பிறகு திரும்பவும் நிப்பாட்டவும் தெரியாட்டி என்ன செய்வீங்கள்? முதல்ல லிஃப்ட் இருக்கிற இடத்தில நாலைஞ்சு நாள் வகுப்புக்குப் போங்கோ. இல்லாட்டி அண்ணா ஸ்கீயில வரட்டும், நீங்கள் ஸ்னோ ஷூ (ஸ்னோவில கால் புதையாம இருக்க சப்பாத்துக்கு அடியில கட்டுற அகலத் தட்டு) வாடகைக்கு எடுத்து நடவுங்கோ. பருத்தி பெனியன் மட்டும் வேண்டாம், ஏறேக்க வேர்க்கும், மேல நிக்கேக்க அது ஐஸாப்போகும்.

ஒட்டுசுட்டான் தோட்டக்காரன்:
20 வருசம் அங்க இருந்துட்டு வந்தவன் சொல்லுறன், லேசான பாதை எண்டா பனிச்சரிவு வராது எண்டில்லை. முதல்நாள் பின்னேரம் 5 மணிக்கு டாவோஸில இருக்கிற எஸ்எல்எஃப் எண்ட பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் அறிக்கை விடும், ஆபத்து எவ்வளவு எண்டு 1ல இருந்து 5 வரைக்கும். 1, 2 எண்டா போகலாம். 3 எண்டா நடுவிலதானே எண்டு நினைக்காதேங்கோ, கன சாவு நடக்கிறது அதிலதான். சுவிஸ் அரசாங்கத்தின்ர சுவிஸ்டோப்போ மேப்பில சரிவு 30 டிகிரிக்கு மேல போனா மஞ்சள், பிறகு செம்மஞ்சள், சிவப்பு எண்டு நிறம் காட்டும், நிறம் இல்லாத வழியால போங்கோ, மேல செங்குத்துச் சரிவு இருந்தா அதுக்குக் கீழயும் நிக்கவேண்டாம். தேடுற கருவி (புதைஞ்ச ஆளின்ர கருவி விடுற சிக்னலைப் பிடிக்கிறது), சவள், ஸ்னோவுக்குள்ள குத்திப் பாக்கிற நீட்டுக் கம்பி மூண்டும் ஒவ்வொருத்தரிட்டயும் இருக்கோணும், அண்ணாட்ட இருந்தா காணாது, அவர் புதைஞ்சா ஆர் தோண்டுறது? 10, 15 நிமிசத்துக்குள்ள எடுத்தாத்தான் ஆள். கருவியை வீட்டு வளவுக்குள்ள ஒளிச்சுவைச்சு ரெண்டு மூண்டுதரம் தேடிப் பழகுங்கோ.

மடு றோட்டு:
ஐன்சீடல்ன்ல கறுத்த மாதா இருக்கிறா, எங்கட சைவ ஆக்களும் போய்க் கும்பிடுறவை. பஸ் மாறுறது அங்கதான், இறங்கி ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டுப் போங்கோ 😄

விசுவமடு பெடியன்:
நன்றி அக்கா, அண்ணை. ஸ்னோ ஷூ எண்டு முடிவெடுத்திட்டன். தோட்டக்கார அண்ணை எழுதினதை அண்ணாவுக்கு அனுப்பினன், அரைமணித்தியாலம் சத்தமில்லை, பிறகு "என்னட்ட கம்பி இல்லை, வாங்கிவைக்கிறன்" எண்டு மெசேஜ் வந்திருக்கு.