தந்தையின் குரல் தேய்ந்துவருகிறது: குரலைக் கொண்டு உடல்நலத்தையும் மனநலத்தையும் அறிய இயலுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 67 வயது ஆகிறது. வகுப்பறையின் கடைசி வரிசை வரை கேட்கும்படி பேசிப் பழகிய ஆசிரியர் அவர். ஏறக்குறைய ஓராண்டாக அவருடைய குரல் மெல்ல மெல்லத் தேய்ந்துவருகிறது. தொலைபேசியில் பேசும்போது என் மகள் வாக்கியத்துக்கு வாக்கியம் "தாத்தா, கேட்கவில்லை" என்கிறாள். அவரோ "நான் உரக்கத்தானே பேசுகிறேன்" என்று வருத்தப்படுகிறார். முன்பிருந்த ஏற்ற இறக்கம் பேச்சில் இல்லை. வாக்கியத்தின் கடைசிச் சொற்கள் மூச்சோடு கரைந்துவிடுகின்றன. அம்மா காலமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது என்பதால், அந்தத் துயரம்தான் அவரை இப்படி ஆக்கிவிட்டது என்று வீட்டில் அனைவரும் எண்ணியிருந்தோம்.

சென்ற மாதம் என் தம்பி, குரலைப் பதிவுசெய்தால் உடல்நிலையையும் மனநிலையையும் கணித்துச் சொல்லும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு கைபேசிச் செயலியில் அப்பாவை அரை நிமிடம் பேசவைத்தான். மனச்சோர்வு மிகுதி என்றும், நூற்றுக்கு 78 என்றும் காட்டியது. மறுநாள் காலையில் வேறோர் அறையில் அமர்ந்து பேசியபோது அதே செயலி 41 என்றது. எதை நம்புவது என்று தெரியவில்லை.

குரலிலிருந்து நோயை அறிவது எந்த அளவுக்கு உண்மை? உடல் நோயால் மாறிய குரலையும் மனத்துயரால் மாறிய குரலையும் பிரித்தறிய முடியுமா? நாங்கள் முதலில் எந்த மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

மறுமொழி 1 (பேச்சு மொழி சிகிச்சையாளர்)

இத்துறையில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். தாங்கள் எழுதியவற்றுள் "நான் உரக்கத்தானே பேசுகிறேன்" என்ற ஒரு வரி என் மனத்தில் தைத்தது. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மனம் சோர்ந்திருப்பவரிடம் "குரல் மிகவும் தணிந்திருக்கிறதே" என்று சொன்னால், என் அனுபவத்தில், பெரும்பாலோர் அதை ஒப்புக்கொள்வார்கள். பேசவே தோன்றவில்லை என்பார்கள். உடல் இயக்கத்தைத் தளர்த்திக் கைநடுக்கமும் தரும் நரம்பு நோயான பார்க்கின்சன் நோய் உள்ளவர்களிடம் நிலைமை வேறு. தம் குரலின் அளவைத் தாமே மதிப்பிடும் திறன் அவர்களுக்குக் குறைந்துவிடுவதால், தணிந்த குரலே அவர்கள் காதுக்கு இயல்பான குரலாகப் படுகிறது. கொஞ்சம் உரக்கப் பேசச் சொன்னால் "கத்துவது போலிருக்கிறது" என்று கூசுவார்கள். எதிரில் அமர்ந்திருக்கும் எனக்கோ அப்போதுதான் பேச்சு தெளிவாகக் கேட்கும். தங்கள் தந்தைக்கு அந்நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அவரைப் பார்க்காமல் யாரும் சொல்லவும் கூடாது. ஆனால் துயரம் என்று முடிவுகட்டி ஓராண்டைக் கடத்திவிட்டீர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

குரல் பிறப்பதற்கு நுரையீரலிலிருந்து வரும் காற்றும், குரல்வளையில் உள்ள இரண்டு நாண்களும், அந்த ஒலிக்கு வடிவம் தரும் தொண்டை, நாக்கு, உதடுகளும், இவை அனைத்தையும் இயக்கும் நரம்புகளும் ஒருசேர வேலை செய்ய வேண்டும். வளர்ந்த ஆணின் குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறையும், பெண்ணின் குரல் நாண்கள் 200 முறை அளவிலும் அதிர்கின்றன. அடுத்தடுத்த அதிர்வுகளுக்கு இடையே கால அளவில் ஏற்படும் சிறு பிறழ்ச்சியை ஜிட்டர் என்றும், ஒலியின் வலிமையில் ஏற்படும் பிறழ்ச்சியை ஷிம்மர் என்றும் அளக்கிறோம். காதுக்கு எட்டாத நுண்ணிய தடுமாற்றமும் இந்த அளவுகளில் தென்படும். ஒரே மூச்சில் "ஆ" என்று நீட்டிச் சொல்லச் செய்து நேரம் பார்ப்பது இன்னும் எளிய சோதனை. நலமாக இருக்கும் பெரியவர்கள் பொதுவாகப் பதினைந்து நொடிக்கு மேல் நீட்டுவார்கள். பத்து நொடியைக்கூடத் தொடாவிட்டால் காரணம் தேடுவோம்.

இந்த அளவுகளெல்லாம் ஏதோ ஓரிடத்தில் இயக்கம் மாறியிருக்கிறது என்பதை நன்றாகவே காட்டும். காரணம் என்ன என்பதை அவற்றிலிருந்து மட்டும் பெற முடியாது. தைராய்டு சுரப்பு குறைந்தால் நாண்கள் தடித்துக் குரல் கனத்துவிடும். வயிற்று அமிலம் மேலேறினால் காலையில் கரகரக்கும். முதுமையில் நாண்களின் தசை மெலிந்தாலும் குரல் மெலியும். கருவிக்கு இவற்றில் பல ஒன்றுபோலவே தெரியும்.

ஆகவே குரலுக்கு வெளியேயும் கவனியுங்கள். அவர் எழுத்து சிறுத்திருக்கிறதா? நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருக்கிறதா? படுக்கையில் புரண்டு படுக்கச் சிரமப்படுகிறாரா? மணம் தெரிவது குறைந்திருக்கிறதா? முகத்தில் உணர்ச்சி குறைந்து தோன்றினால், அதுவும் துயரம் என்று எளிதில் தவறாகக் கொள்ளப்படும் ஓர் அறிகுறியே.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பார்க்கின்சன் நோயால் தணிந்த குரலுக்குப் பயிற்சி இருக்கிறது. 1987-இல் உருவாகத் தொடங்கிய லீ சில்வர்மன் குரல் சிகிச்சையில் வாரம் நான்கு நாள் வீதம் நான்கு வாரங்களில் பதினாறு அமர்வுகள் நடத்துகிறோம். உரக்கப் பேசுவது என்ற ஒரே இலக்கைத்தான் அதில் பற்றிக்கொள்கிறோம். தாத்தா சொல்வது பேத்திக்கு மீண்டும் கேட்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மறுமொழி 2 (ஒலித் தரவுகளில் பணிபுரிபவர்)

அந்தச் செயலி ஒருநாள் 78 என்றும் மறுநாள் 41 என்றும் ஏன் காட்டியது என்பதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கைபேசிகள் நம் குரலை உள்ளபடி பதிவு செய்வதில்லை. சுற்றுப்புற இரைச்சலை நீக்கும் மென்பொருளும், ஒலி தணிந்தால் தானாகவே உயர்த்திவிடும் அமைப்பும் பெரும்பாலான பதிவுகளில் இடையே புகுந்து வேலை செய்கின்றன. தங்கள் தந்தையின் முக்கியமான அறிகுறியே குரல் தணிந்ததுதான். அதையே கைபேசி சரிசெய்து உயர்த்திவிட்டால், செயலிக்குக் கிடைப்பது அவர் குரலே அன்று. மறுநாள் அறை மாறியது, எதிரொலி மாறியது, மைக்குக்கும் வாய்க்கும் இடையே உள்ள தூரமும் மாறியிருக்கலாம். நோயாளி மாறாமலே எண் மாறுவதற்கு இவை போதும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. பார்க்கின்சன் நோய்க்கான குரல் ஆய்வில் உலகெங்கும் மாணவர்கள் பயன்படுத்தும் ஒரு தரவுத்தொகுப்பு 2008-இல் பொதுவெளிக்கு வந்தது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் மேக்ஸ் லிட்டில் உருவாக்கிய அதில் 31 பேரின் 195 பதிவுகள் உள்ளன. அந்த 31 பேரில் 23 பேர் நோயாளிகள். இத்தனைச் சிறிய தொகுப்பைக் கொண்டு மிக உயர்ந்த துல்லியத்தை எட்டியதாகக் கூறும் கட்டுரைகள் பல வந்துள்ளன. அவற்றில் கணிசமானவற்றில், கணினியின் பயிற்சிக்கென்றும் அதைச் சோதிப்பதற்கென்றும் தரவைப் பிரிக்கும்போது ஆட்களைப் பிரிக்காமல் பதிவுகளைப் பிரித்திருப்பார்கள். ஒரே மனிதரின் நான்கு பதிவுகள் பயிற்சியிலும் இரண்டு பதிவுகள் சோதனையிலும் இருந்தால், கணினி நோயை அறிய வேண்டிய தேவையே இல்லை. ஆளை அடையாளம் கண்டுகொண்டாலே போதும்.

கோவிட் காலத்திலும் இதைப் பார்த்தோம். இருமலைக் கேட்டே தொற்றைக் கண்டுபிடிக்கலாம் என்ற அறிவிப்புகள் 2020-இல் பெரும் நம்பிக்கை அளித்தன. பின்னர் பிரிட்டனில் 67,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு 2024-இல் வெளியானது. முதலில் கணினியின் பிரித்தறியும் திறன் 0.85 என்ற அளவில் இருந்தது. இதில் 1 என்பது பிழையற்ற நிலை, 0.5 என்பது நாணயம் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். தொற்றுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் வயது, பாலினம், அறிகுறிகள் ஆகியவற்றில் ஒத்தவர்களாகத் தேர்ந்து ஒப்பிட்டபோது அது 0.62-ஆக இறங்கிவிட்டது. அறிகுறிகளை நேராகக் கேட்டு அறிவதைவிடக் கூடுதலாக எதையும் ஒலி தரவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

இத்துறையையே நான் தள்ளிவிடவில்லை. என் உழைப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஒரு மனிதரின் குரலை அவருடைய பழைய குரலோடு ஒப்பிடுவதில்தான் அதன் உண்மையான வலிமை இருப்பதாக நம்புகிறேன். தங்கள் வீட்டில் ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் பேசிய காணொளி ஏதேனும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இனிப் பதிவு செய்வதாக இருந்தால் ஒரே அறை, ஒரே கருவி, வாயிலிருந்து ஒரு சாண் தூரம், ஒரே பத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தி அனுப்பும் செயலிகளின் வழியே அனுப்பாதீர்கள். அவை ஒலியைச் சுருக்கிவிடும்.

மறுமொழி 3

நான் மருத்துவன் அல்லன், அனுபவித்தவன். எனக்குக் குரல் கம்மியது. சளி என்று நினைத்து மூன்று மாதம் வெந்நீரில் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்திப் பார்த்தார். திரையில் ஒரு நாண் அசைந்துகொண்டிருந்தது, இடப்பக்கத்து நாண் அசையாமல் கிடந்தது. அந்த நாணுக்குச் செல்லும் நரம்பு கழுத்திலிருந்து மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுகிறது என்று விளக்கிய அவர், தொண்டையைப் பார்க்க வந்த என்னை மார்பு ஸ்கேனுக்கு அனுப்பினார். நுரையீரலின் அருகே இருந்த கட்டி அப்படித்தான் தெரியவந்தது. குரல் மாற்றம் நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் குரல்வளையை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்களின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்வதைப் பின்னர்தான் படித்தேன். தாங்கள் ஓராண்டு காத்திருந்துவிட்டீர்கள். தயவுசெய்து இந்த வாரமே சென்று பாருங்கள்.

மறுமொழி 4 (மனநல மருத்துவர்)

மனச்சோர்வு குரலில் தெரியும் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. நோயாளிகள் தாழ்ந்த குரலில், தயங்கித் தயங்கி, ஒரே சீராகப் பேசுவதை ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே விவரித்திருக்கிறார். இன்று இடைநிறுத்தங்களின் நீளத்தையும், கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட மௌனத்தையும் நாம் மில்லி நொடிக் கணக்கில் அளக்கிறோம். சிகிச்சை பலன் தரும்போது இடைநிறுத்தங்கள் குறைவதை நானே கவனித்திருக்கிறேன்.

தங்கள் இரண்டாவது கேள்விக்கு நேர்மையான பதில், குரலைக் கொண்டு மட்டும் பிரித்தறிய இயலாது என்பதுதான். கிரேப்பலின் எழுதிய விவரிப்பையும் பார்க்கின்சன் நோயாளியின் பேச்சையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தே இருப்பதும் அரிதன்று. பார்க்கின்சன் நோயில் கைநடுக்கம் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மனச்சோர்வு வருவதும் உண்டு. எனவே இதுவா அதுவா என்று கேட்காமல் இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். உறக்கம் எப்படி, எதிலாவது ஈடுபாடு தோன்றுகிறதா, அம்மாவைப் பற்றிப் பேசும்போதாவது குரல் மாறுகிறதா என்று கவனியுங்கள். துயரத்தில் இருப்பவர் பேரக்குழந்தை சிரித்தால் சிரிப்பார். அந்த ஒரு கணத்திலாவது பழைய குரல் எட்டிப்பார்க்கும்.

செயலியைப் பற்றி ஒன்று. அவருக்குத் தெரியாமல் பதிவு செய்யாதீர்கள். குரல் என்பது கைரேகையைப் போல ஆளைக் காட்டிக்கொடுக்கும் தரவு. பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் ஒருவருடைய குரல் போன்ற உடல்சார் தரவுகளிலிருந்து அவர் உணர்ச்சியைக் கணிக்கும் மென்பொருளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடைசெய்திருப்பது எதனால் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் என் நன்றி. மூன்றாவது மறுமொழியைப் படித்த அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நேரம் வாங்கினேன். இரண்டு நாண்களும் அசைகின்றன, கட்டி ஏதும் இல்லை, ஆனால் நாண்கள் முழுமையாக மூடவில்லை என்று சொல்லி நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். வரும் வியாழக்கிழமை செல்கிறோம். "ஆ" என்று அப்பா ஒன்பது நொடி சொன்னார்.

முதல் மறுமொழியில் எழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அப்பா வீட்டுக் கணக்கை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதுவார். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஏட்டை எடுத்துப் பார்த்தேன். கரும்பலகையில் எழுதிய அதே உருண்டை எழுத்து, ஒவ்வொரு வரியையும் நிரப்பிக்கொண்டு இருந்தது. சென்ற வாரத்துப் பக்கத்தில் வரி தொடங்கும் இடத்தில் ஓரளவு பெரிதாக இருக்கும் எழுத்து, போகப்போகச் சிறுத்து, தொகை எழுத வேண்டிய இடத்துக்கு வருவதற்குள் படிக்க முடியாத அளவுக்கு நெருங்கிவிடுகிறது. அவர் பேசும் வாக்கியங்களும் அப்படித்தான் முடிகின்றன. இரண்டு ஏடுகளையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லலாமா?

மறுமொழி 1 (பேச்சு மொழி சிகிச்சையாளர்)

கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். பழைய காணொளி கிடைத்தால் அதையும் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் அப்பாவையே பேச விடுங்கள். அவர் குரல் எட்டவில்லை என்று தாங்கள் இடையில் புகுந்து பதில் சொல்லிவிடாதீர்கள். மருத்துவர் அந்தக் குரலைத் தம் காதால் கேட்க வேண்டும்.