விருப்பப்பாடம் எது எடுப்பது?

நான்: திங்கட்கிழமைக்குள் விருப்பப்பாடம் பதிவு செய்ய வேண்டும். இரண்டு எடுக்கலாம். எனக்குத் தர்க்கவியலும் நிலவியலும் படிக்க ஆசை. வகுப்பில் எல்லோரும் கணினி சார்ந்த பாடத்தையே எடுக்கிறார்கள்.

பெரியப்பா: கணினி படிக்கிற பிள்ளைக்குக் கல்லும் மண்ணும் எதற்கப்பா? அகல உழுவதை விட ஆழ உழு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அப்பா: அண்ணன் சொல்வதும் சரிதான். வேலைக்குப் போகும்போது இதெல்லாம் கேட்பார்களா?

அக்கா: ஆழ உழுவதற்கு முதலில் எந்த நிலம் என்று தெரிய வேண்டும் இல்லையா பெரியப்பா? பள்ளிக்கூடத்தில் பார்த்த நாலைந்து பாடம்தானே இவனுக்குத் தெரியும்.

அக்கா: தம்பி, கிளாட் ஷானன் கதை தெரியுமா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் கணிதமும் படித்தவர். இடையில் ஒரு தத்துவ வகுப்பும் எடுத்தார். அங்கேதான் ஜார்ஜ் பூலின் தர்க்கக் கணிதம் அவருக்கு அறிமுகமானது. சரி, தவறு என்ற இரண்டே மதிப்பை வைத்துக் கணக்குப் போடும் முறை. பூல் அதை விரிவாக எழுதிய நூல் 1854இல் வந்தது.

அக்கா: அப்புறம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சுற்றுகளோடு மல்லுக்கட்டியபோது அந்தத் தர்க்கக் கணிதம் கை கொடுத்தது. இரண்டு சுவிட்சை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், இரண்டையும் போட்டால்தான் மின்சாரம் ஓடும். அது 'மற்றும்'. பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் ஏதாவது ஒன்று போதும். அது 'அல்லது'. 1937இல், 21 வயதில், இதையே முதுகலை ஆய்வேடாக எழுதினார். நீ படிக்கும் கணினியின் சில்லு இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. மின்சாரம் தெரிந்தவர்கள் ஏராளம், பூலைத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். இரண்டும் ஒரே தலையில் சேர்வதுதான் அரிது.

பெரியப்பா: ஷானன் மேதை அம்மா. நம் பிள்ளை ஒன்றிலும் நிலைக்காமல் அலைந்துவிடக் கூடாதே என்றுதான் பயம்.

அத்தை: அண்ணா, நான் பார்ப்பது கணக்குத் தணிக்கை வேலை. கல்லூரியில் ஒரு பருவம் நிலவியல் எடுத்தேன். நேரம் ஒத்துவந்தது, அவ்வளவுதான். முதல் நாளே ஆசிரியர் ஒரு சிட்டிகை மணலையும் ஒரு லென்ஸையும் கொடுத்து, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். மணியின் முனை கூராக இருந்தால் பாறையை விட்டு வந்து அதிக தூரமில்லை. உருண்டையாக இருந்தால் நீரிலோ காற்றிலோ வெகுகாலம் அடிபட்டது. ஒரு மணி நேரம் தலை நிமிராமல் பார்த்தேன். இன்றைக்கும் ஒரு பில்லைக் கையில் எடுத்தால், தொகைக்கு முன்னால் அது எந்த வழியாக என் மேசைக்கு வந்தது என்றுதான் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் தணிக்கைப் பாடத்தில் வரவில்லை.

அப்பா: இத்தனை வருஷத்தில் இதை நீ சொன்னதே இல்லையே!

அக்கா: பெரியப்பாவின் பயமும் நியாயம்தான். சுலபமாக மதிப்பெண் வரும் என்று கண்டதையும் எடுத்தால் வீண். டார்வின் மருத்துவத்தைப் பாதியில் விட்டார், மதகுருவாகும் எண்ணத்தில் கேம்பிரிட்ஜ் போனார். அங்கேயும் வண்டு பிடிப்பதிலேயே பொழுது போனது. கட்டாயமில்லாத தாவரவியல் வகுப்புக்கும் போனார். அந்த வகுப்பெடுத்த ஹென்ஸ்லோதான் 1831இல் பீகிள் என்ற ஆய்வுக் கப்பலின் பயணத்துக்கு அவரைப் பரிந்துரைத்தார். பார்த்தவர்களுக்கு அது அலைச்சல். அவரோ இரண்டு கையிலும் வண்டு இருக்க, மூன்றாவதைக் கண்டதும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டவர். அந்த அளவுக்கு ஈடுபாடு இருந்தால் எடுக்கட்டும்.

நான்: முக்கியப் பாடத்தை விடப்போவதில்லை பெரியப்பா. அதில் இந்தப் பருவமும் நான்கு தாள் இருக்கிறது.

பெரியப்பா: சரி, தர்க்கவியலை எடு. நிலவியல் பாடத்திட்டத்தை இங்கே அனுப்பு, படித்துப் பார்க்கிறேன். அந்த வகுப்பில் லென்ஸ் தருவார்களா?

அத்தை: என்னுடையது இன்னும் இழுப்பறையில் இருக்கிறது அண்ணா. தம்பிக்கு அனுப்பிவிடுகிறேன்.