புதுப்பிப்பு: செவ்வாய்ச் சிறை மீட்பு வரைந்தாயிற்று

துரோகிகளிடம் சிக்கிய இளம் விண்கல ஓட்டியை எப்படி மீட்பது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். கிளிநொச்சியிலிருந்து வரையும் என் சித்திரக்கதையில் அந்தப் பகுதி முடிந்துவிட்டது.

செவ்வாயிலிருந்து பூமிக்கு ஒரு செய்தி போய்ச்சேர, தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் வரை எடுக்கும். பூமியின் கட்டளைக்குத் துரோகிகள் காத்திருக்கும் அந்த இடைவெளியில்தான் மீட்பு. விண்வெளியின் வெற்றிடத்தில் சத்தம் பரவாது, அதனால் அங்கே நடக்கும் வெடிப்புக்கு "டமார்" கிடையாது. சி.ஆர். கொப்பியில் (கெட்டி அட்டை போட்ட பெரிய கொப்பி) பக்கம் முழுக்கக் கறுப்பு மை, நடுவில் சிதறும் தகடுகள் மட்டும். எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது.

சின்னம்மா வாசித்துவிட்டு, "பிள்ளையை உயிரோட தாயிட்ட குடுத்திட்டியா?" என்றுதான் கேட்டா. கொடுத்துவிட்டேன். கடைசிப் பக்கமே அதற்குத்தான்.

சரி, துரோகிகளின் தலைவனை என்ன செய்யலாம்? சொல்லுங்கள்.