மரவேலைக்கு மினி லோடரும் டம்ப் ட்ரெய்லரும்: ஒன்டாரியோவில் புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு

கேள்வி: வணக்கம். பிராம்ப்டனில் இருக்கிறேன். கனடா வந்ததிலிருந்து ஒரு மரம் வெட்டும் கம்பெனியில் கீழே நின்று கிளை இழுக்கிற வேலை. இப்போது நிரந்தரமாகத் தங்கும் உரிமை (பி.ஆர்.) வந்துவிட்டது. மரம் ஏறத் தெரிந்த நண்பனோடு சேர்ந்து சொந்தமாகத் தொடங்க நினைக்கிறேன். முக்கால் டன் பிக்கப் இருக்கிறது. கட்டை தூக்க ஒரு மினி லோடரும், சாய்த்துக் கொட்டுகிற 14 அடி டம்ப் ட்ரெய்லரும் தவணையில் எடுக்கலாமா? எந்தப் பிராண்ட் நல்லது? சாதாரணக் கார் ஓட்டுகிற ஜி லைசென்ஸ்தான் வைத்திருக்கிறேன். அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, பிராண்டை அப்புறம் பார்ப்போம். உங்கள் லைசென்ஸில்தான் முதல் சிக்கல் இருக்கிறது. ஒன்டாரியோவில் ஜி லைசென்ஸை வைத்து வண்டியும் ட்ரெய்லருமாகச் சேர்த்து 11,000 கிலோ வரை ஓட்டலாம், ஆனால் இழுக்கிற ட்ரெய்லர் சுமையோடு சேர்த்து 4,600 கிலோவைத் தாண்டக் கூடாது. நீங்கள் கேட்கிற 14 அடி ட்ரெய்லரின் தகட்டில் சுமையோடு மொத்த எடை பெரும்பாலும் 14,000 பவுண்டு என்று அடித்திருக்கும். அது 6,350 கிலோ. அந்த அளவுக்கு ஏற்றினால் ஏ வகை லைசென்ஸ் வேண்டும். 'பாதிதான் ஏற்றுவேன்' என்று சிலர் சொல்வார்கள். மழையில் ஊறிய ஓக் கட்டையில் எது பாதி என்று கண்ணால் சொல்ல முடியாது. அந்த வாதத்தை ரோட்டோரம் தராசு வைத்திருக்கும் அதிகாரியிடம் சொல்லிப் பாருங்கள்.

சட்டம் கிலோவில் பேசும், கடைக்காரர் பவுண்டில் பேசுவார். போனில் இரண்டையும் மாற்றிப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஜி லைசென்ஸுக்குப் பொருந்துவது தகட்டில் 9,990 பவுண்டு போட்ட ட்ரெய்லர். கிலோவில் 4,531. 6 அடி அகலம், 12 அடி நீளத்தில் கிடைக்கும். வெறும் ட்ரெய்லரே ஏறக்குறைய 3,000 பவுண்டு இருக்கும். மிச்சம் 7,000 பவுண்டு, அதாவது சுமார் 3,170 கிலோ, உங்கள் சுமை. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் தானாக வந்துவிடும்.

பச்சை மரத்தின் எடையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வெட்டிய ரெட் ஓக் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1,000 கிலோ, தண்ணீருக்குச் சமம். சுகர் மேப்பிள் 900ஐ ஒட்டி வரும். வெள்ளை ஆஷ் 770 போல. வெள்ளை பைன் 600க்கும் கீழே. 6க்கு 12 ட்ரெய்லரில் 2 அடி உயரப் பக்கப் பலகை இருந்தால் கொள்ளளவு 4 கன மீட்டர். கட்டைகளுக்கு நடுவே காற்று போக, கெட்டி மரம் அதில் அறுபது சதவீதம் என்று வையுங்கள். ஓக் என்றால் இரண்டரை டன் வருகிறது, சரி. அதே ட்ரெய்லருக்கு 4 அடிப் பலகை போட்டுக் கட்டையை நிரப்பினால் ஐந்து டன். அச்சும் பிரேக்கும் அதைத் தாங்கச் செய்தவை அல்ல. ஆனால் 4 அடி வரை மரச்சில்லு நிரப்பினால் பெரும்பாலும் எல்லைக்குள்தான் நிற்கும், ஏனென்றால் ஈரச் சில்லு கன மீட்டருக்கு 300 முதல் 400 கிலோ. ஆகவே கழற்றி மாட்டுகிற பலகை வாங்குங்கள், சில்லுக்கு ஏற்றி, கட்டைக்கு இறக்கி.

இன்னொன்று, பலரும் கவனிக்காமல் விடுவது. பிக்கப்பும் ட்ரெய்லரும் சேர்ந்து 4,500 கிலோ தாண்டினால் தொழில் வண்டிகளுக்கான சி.வி.ஓ.ஆர். சான்றிதழ் வேண்டும், வருடாந்தரச் சோதனை ஸ்டிக்கர் வேண்டும், தினமும் வண்டியைச் சுற்றிப் பார்த்து எழுதி வைக்கவும் வேண்டும். முக்கால் டன் பிக்கப்பின் பின்னால் சுமை ஏற்றிய டம்ப் ட்ரெய்லர் மாட்டினால் அந்த எல்லையை எப்படியும் தாண்டுவீர்கள். பயப்பட ஒன்றுமில்லை, காகித வேலைதான். ஆனால் முதல் வாடிக்கையாளருக்கு முன் முடித்துவிடுங்கள். உங்கள் சொந்த உபயோகக் கார் இன்சூரன்ஸ் இந்தத் தொழிலுக்குச் செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ட்ரெய்லரில் பார்க்க வேண்டியது: தூக்கும் ஹைட்ராலிக் இரண்டு பக்கமும் ஆடாதபடி கத்தரி வடிவத்தில் இருந்தால் நல்லது. மரக்கட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும், ஒற்றைத் தண்டில் தூக்குகிறது கொஞ்சம் முறுகும். இறக்கத்துக்கும் மோட்டார் வேலை செய்கிற வகையாக எடுங்கள். சொந்த எடையில் இறங்குகிற வகை ஜனவரிக் குளிரில் எண்ணெய் கெட்டியாகி, நீங்கள் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு மெதுவாக இறங்கும். பின்கதவு இரண்டாகத் திறக்கிற வகைதான் வேண்டும். மண், ஜல்லி கொட்டுபவர்களுக்கான மேலே கீல் வைத்த கதவில் கிளைகள் சிக்கி நிற்கும். ஹைட்ராலிக்கை இயக்கும் பேட்டரியைப் பிக்கப்பின் வயர் மட்டும் நிரப்பிவிடும் என்று நம்பாதீர்கள், வீட்டில் மாட்டிவிட ஒரு சார்ஜர் வையுங்கள். சில்லு ஏற்றினால் மூடும் தார்ப்பாய் கட்டாயம், பறந்து பின்னால் வருகிறவர் கண்ணாடியில் விழுந்தால் வழக்கு உங்கள் மேல்.

இனி லோடர். முதலில் டேப் எடுத்துக்கொண்டு போய் நாலைந்து வீடுகளின் பக்கத்துச் சந்துகளை அளந்து பாருங்கள். பிராம்ப்டன், ஸ்கார்பரோ, மார்க்கம் எங்கும் பின்முற்றத்துக் கேட் பெரும்பாலும் 36 அங்குலம். கேட் 36 இருந்தாலும் அதற்கு முன் கேஸ் மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும், ஏ.சி. பெட்டி உட்கார்ந்திருக்கும். ஆகக் குறுகலான இடம்தான் கணக்கு. டோரோவின் டிங்கோ டி.எக்ஸ். 1000 குறுகிய செயின் மாடல் 34 அங்குலத்துக்குள் அடங்கும். பின்லாந்தின் அவாண்ட் போன்ற நடுவில் மடிகிற சக்கர வண்டிகள் புல்லைக் கிழிக்காமல் திரும்பும், உட்கார்ந்து ஓட்டலாம், எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் பெரும்பாலான மாடல்கள் 36 அங்குலத்தில் நுழையாது, விலையும் எட்டாது. உங்களுக்கு நின்று ஓட்டுகிற செயின் வகையே பொருந்தும்.

தூக்கும் திறனைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. செயின் வண்டிகளில், வண்டி முன்னால் கவிழத் தொடங்கும் எடையில் 35 சதவீதத்தைத்தான் பாதுகாப்பான சுமை என்று எழுதுவார்கள், சக்கர வண்டிகளில் 50 சதவீதம். இரண்டையும் நேராக ஒப்பிடாதீர்கள். வெர்மீர் எஸ்925டி.எக்ஸ். என்றால் 925 பவுண்டு, 420 கிலோ. அது பக்கெட் மாட்டி அளந்தது. நீங்கள் மாட்டப்போவது கட்டையைக் கவ்விப் பிடித்துச் சுற்றித் திரும்புகிற கிராப்பிள், அது பக்கெட்டைவிடக் கனம், கட்டையும் இன்னும் முன்னால் தொங்கும். 60 சென்டிமீட்டர் குறுக்களவில் 1.2 மீட்டர் நீள ஓக் துண்டு 340 கிலோ. அதை முழு நம்பிக்கையோடு தூக்க முடியாது. ஆகவே துண்டை எவ்வளவு நீளத்துக்கு அறுக்க வேண்டும் என்று ஏறுகிற நண்பனோடு பேசி வையுங்கள். சுமையைத் தரையை ஒட்டி வைத்துப் போங்கள், சரிவில் கனமான பக்கம் மேல்நோக்கி இருக்கட்டும்.

இயந்திரத்தில் 24.7 குதிரைத் திறன் என்று எழுதியிருந்தால் அது சும்மா வந்த எண் அல்ல. 25க்கு மேல் போனால் டீசல் புகைக்கான கடுமையான விதிகள் வந்து, வடிகட்டி, சென்சார் என்று தொல்லை கூடும். சிறிய தொழிலுக்கு அதற்குக் கீழேயே நில்லுங்கள்.

வாங்கும் முன் டிங்கோவை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். ஏப்ரல் சேற்றில் எடுங்கள், பிப்ரவரியில் உறைந்த தரையில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். செயின் திரும்பும்போது புல் கிழியும், அதற்குத் தரைப் பாய் வாங்க வேண்டிவரும், அந்தச் செலவையும் சேருங்கள்.

கேள்வி: நன்றி அண்ணா. அப்படியானால் லோடரையும் மரத்தையும் ஒரே ட்ரெய்லரில் கொண்டுபோக முடியாதா?

பதில்: அதுதான் சரியான கேள்வி. லோடரும் கிராப்பிளும் சேர்ந்து 3,000 பவுண்டை ஒட்டி வரும். 7,000இல் அது போனால் 4,000 பவுண்டு, 1,800 கிலோ மரம். 12 அடியில் பாதிக்கு மேல் லோடரே பிடித்துக்கொள்ளும், மிச்சத்தில் அந்த 1,800 கிலோவும் ஏறாது. கொட்டுகிற இடம் பத்து நிமிட தூரத்தில் இருந்தால் லோடரை வாடிக்கையாளர் வீட்டிலேயே விட்டுவிட்டு மரத்தைக் கொட்டி வந்து, கடைசியில் அதை ஏற்றிப் போகலாம். தூரமென்றால் நண்பனின் வண்டிக்குப் பின்னால் பழைய 7,000 பவுண்டு தட்டை ட்ரெய்லர் ஒன்று போதும். கிளையைச் சில்லாக்குகிற சிப்பரும் வந்தால் அது மூன்றாவது இழுவை, ஆகவே ஆரம்பத்தில் சிப்பரைத் தேவைப்படும் நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். ஏற்றும்போது லோடரை ஆக முன்னாலோ ஆகப் பின்னாலோ நிறுத்தாதீர்கள், ட்ரெய்லரை மாட்டுகிற ஹிட்சில் அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இறங்க வேண்டும். பின்பாரம் கூடினால் 400ஆம் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வாலாட்டும்.

ஆஷ் மரம் வெட்டினால் விறகாகத் தூர ஊருக்கு விற்கக் கொண்டுபோகாதீர்கள். 2002இல் வின்ட்சரில் தென்பட்ட, ஆஷ் மரத்தை அழிக்கிற பச்சை வண்டு இவ்வளவு பரவியதற்கு விறகு ஏற்றிய வண்டிகளும் ஒரு காரணம். வண்டு பரவிய பகுதியிலிருந்து வெளியே கொண்டுபோகக் கூட்டாட்சி அரசின் கட்டுப்பாடு உண்டு.

பதில்: தம்பி, நான் கணக்கு எழுதுகிறவள், இரண்டு விஷயம் சேர்க்கிறேன். நான்கு காலாண்டுகளில் வருமானம் 30,000 டாலர் தாண்டினால் எச்.எஸ்.டி. என்கிற விற்பனை வரிக்குப் பதிவு கட்டாயம். ஆனால் லோடர் வாங்கும் முன்பே விருப்பப் பதிவு செய்துகொண்டால், அதற்குக் கட்டும் 13 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாம். இயந்திரம் வாங்குகிறவர்கள் காத்திருக்கவே கூடாது. இரண்டாவது, பழைய லோடரையோ ட்ரெய்லரையோ தனி ஆளிடம் வாங்கினால், சீரியல் எண்ணையும் விற்பவர் பெயரையும் வைத்து, கடன் பதிவு இருக்கிறதா என்று பார்க்கிற பி.பி.எஸ்.ஏ. தேடல் போடுங்கள். அந்த வண்டியின் மேல் கடன் நிலுவை இருந்தால், பணம் கொடுத்து வாங்கிய பிறகும் கடன் கொடுத்தவர் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். தேடலுக்குச் சில டாலர்தான் ஆகும். சீரியல் தகட்டைத் தேய்த்திருந்தாலோ கழற்றியிருந்தாலோ பேரம் பேசாமல் வீட்டுக்குத் திரும்புங்கள், இங்கே ட்ரெய்லர் திருட்டு அதிகம்.