மறுமொழி: கழற மறுக்கும் சீற் பைப்புக்கு என்ன கலைச்சொல்?

கலைச்சொல் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு கல்லடியிலிருந்து எழுதுகிறேன்.

அக்கரைப்பற்றுத் தம்பியின் கேள்வியை இழையில் பின்னால் வந்தவர்கள் தேட வேண்டாம் என்பதற்காக மீண்டும் தருகிறேன்:

> களுவாஞ்சிக்குடியில் பழைய இங்கிலாந்து ரேஸ் சைக்கிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பிரேமில் ரெனோல்ட்ஸ் 531 ஸ்டிக்கர் இருக்கு. சீற் பைப் அசையுதில்லை. எண்ணெய் விட்டால் வந்துவிடும் என்று விற்பவர் சொல்கிறார். வாங்கலாமா? இப்படி இறுகிப்போவதற்குத் தமிழில் என்ன பெயர்?

இந்த இரண்டு கேள்விகளில் சொல்லைப் பற்றியதற்கு மட்டும் குழுவில் பதில் வந்துகொண்டிருக்கிறது. வாங்கலாமா என்பதை யாரும் தொடவில்லை. தம்பிக்கு அவசரமானது அதுதான். அதோடு, அதற்குப் பதில் தேடினால்தான் எந்த மாதிரிச் சொல் நமக்கு வேண்டும் என்பதும் தெளியும்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். கடையில் 'சீற் பைப்' என்றால் ஆசனத்தோடு மேலே கழன்று வருகிற துண்டையும் குறிக்கும், அது இறங்குகிற பிரேம் குழாயையும் குறிக்கும். கழன்று வருவதை இருக்கைத்தண்டு என்றும், பிரேமோடு இருப்பதை இருக்கைக்குழாய் என்றும் எழுதுகிறேன். இதில் யாருக்கும் பெரிய மறுப்பு இராது என்று நினைக்கிறேன்.

பழைய ரேஸ் சைக்கிள் பார்க்கப் போனால் பெயின்ரையும் கியரையும் பார்ப்பதற்கு முன் இருக்கைத்தண்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு வேலையில் நான்கு விஷயம் தெரிந்துவிடும். தண்டு கழறுகிறதா என்பது ஒன்று. தண்டில் அடித்திருக்கும் விட்டம் எத்தனை என்பது அடுத்தது. தொலைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தால் குழாயின் உட்புறம் எவ்வளவு கறல் (துரு) பிடித்திருக்கிறது என்று தெரியும். கடைசியாக, தண்டு போதிய நீளம் உள்ளே இருந்ததா, யாராவது வெட்டிக் குறுக்கிவிட்டார்களா என்பதும் தெரியும்.

இவற்றில் அந்த விட்ட எண்ணைத் தம்பி குறித்துக்கொள்ள வேண்டும். பழைய உருக்கு ரேஸ் பிரேம்களில் பெரும்பாலும் இருக்கைக்குழாயின் வெளி விட்டம் 28.6 மி.மீ., அதாவது ஒன்றே அரைக்கால் அங்குலம். தண்டில் 27.2 என்று இருந்தால் குழாயின் சுவர் அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல்தான். அது நல்ல உருக்கில் மெல்லிசாக இழுத்த குழாய். 25.4, 25.8 என்று இருந்தால் சுவர் தடிப்பு, பிரேம் பாரம், சாதாரணக் குழாய். 531 என்பது பர்மிங்காம் ரெனோல்ட்ஸ் நிறுவனம் 1935இல் கொண்டுவந்த மங்கனீசு மொலிப்டினம் உருக்கு. நல்ல சரக்குத்தான். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டுவது சுலபம். உண்மையான ஸ்டிக்கர்களிலும் வகை உண்டு. சில, பிரேமின் மூன்று பிரதான குழாய்கள் மட்டும் 531 என்று சொல்பவை. சில, போர்க்கும் (முன்சில்லைப் பிடிக்கும் கவர்) பின்புறக் குழாய்களும் சேர்த்து என்று சொல்பவை. ஸ்டிக்கரை வாசித்துவிட்டுத் தண்டின் எண்ணையும் பார்த்தால்தான் சந்தேகம் குறையும். தண்டு கழறாவிட்டால் அந்த எண்ணையே பார்க்க முடியாது. அப்படியான சைக்கிளுக்கு 531 விலை கொடுப்பது ஆளைத் தெரியாமல் சீட்டுக் கட்டுவது மாதிரி.

இனி இறுகிப்போவதற்கான காரணம். இங்கேதான் சொல் பிறக்க வேண்டும்.

பிரேம் உருக்கு. தண்டு பல சமயம் அலுமினியக் கலவை. இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்புத் தண்ணீர் புகுந்தால் சின்ன மின்கலம் ஒன்று உண்டாகிவிடுகிறது. அதில் அரிபடுவது அலுமினியம். அரிபட்டு உண்டாகிற வெள்ளைத் தூள், கரைந்துபோன உலோகத்தைவிடக் கூடிய இடத்தைப் பிடிக்கும். தண்டுக்கும் குழாய்க்கும் இடையில் மயிரிழை அளவுகூட இடம் இல்லாததால் அந்தத் தூளே ஆப்பாக நின்று இறுக்கிவிடுகிறது. நம்முடைய ஊர் இதற்கு மிகத் தோதான ஊர். எழுவான்கரையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாடைக்காற்றுக் காலத்து மழை, தண்டு இறங்குகிற வெட்டு வழியாக உள்ளே ஒழுகி அடியில் உள்ள பெடல் அச்சுக் கூடு வரை போகும். கிறீஸ் வைக்காமல் வருடக்கணக்கில் தாழ்வாரத்தில் நின்ற சைக்கிளில் இது நடக்காவிட்டால்தான் அதிசயம்.

தண்டும் உருக்காக இருந்தால் நடப்பது வேறு. அது சாதாரணக் கறல். பிடிப்பது கறல்தான், ஆனால் ஊடுருவுகிற எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்து திருகினால் பெரும்பாலும் அசைந்துகொடுக்கும். அலுமினியத் தண்டில் எண்ணெய் அவ்வளவு உதவாது. நம்மவர்கள் உடனே ஊதுவிளக்கை எடுத்துச் சூடு காட்டுவார்கள். சூட்டில் அலுமினியம் உருக்கைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 27 மி.மீ. தண்டை 100 பாகை சூடாக்கினால் அது குழாயைவிட 0.03 மி.மீ. கூடப் பருக்கும். இறுக்கம் கூடுமே தவிர குறையாது. சூடாக்கி ஆறவிடும்போது ஒட்டு உடைவது உண்டு; தண்டை மட்டும் நன்றாகக் குளிரவைத்தால் அது சுருங்கி விடுபடுவதும் உண்டு. அமோனியாக் கரைசல் விட்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒன்றும் சரிவராவிட்டால் தண்டின் தலையை வெட்டிவிட்டு, உள்ளே வாள் பிளேட்டால் நீளத்துக்கு அறுத்து எடுக்க வேண்டும். அரை நாள் வேலை. கை தவறினால் அறுபடுவது அந்த மெல்லிய இருக்கைக்குழாய். சிலர் கோஸ்டிக் சோடாவை ஊற்றிக் கரைப்பார்கள். எரியும் வாயு வரும், கண் போகும், தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள்.

இரண்டு இறுக்கம், இரண்டு வைத்தியம், இரண்டு விலை. 'இறுகிப்போச்சு' என்ற ஒரே பேச்சில் இரண்டும் அடங்கிவிடுவதால்தான் விற்பவர் எண்ணெய் விட்டால் வரும் என்று சொல்ல முடிகிறது. அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவருக்கும் அந்தப் பேதத்தைச் சொல்லக் கையில் சொல் இல்லை.

இப்போது குழுவில் வந்த முன்மொழிவுகள்.

> சென்னையிலிருந்து: மின்வேதி அரிமானப் பிணைப்பு.

பிழை காண முடியாத சொற்றொடர். இலங்கைப் பாடநூல் வழக்கில் மின்னிரசாயன அரிப்பு என்போம், அது போகட்டும். ஆனால் சைக்கிள் கடையில் நின்று இதைச் சொல்ல யாருக்கும் நாக்கு வராது. நிகழ்வின் விளக்கமாக இது அகராதியின் இரண்டாவது வரியில் இருக்கட்டும்.

> டொரொன்ரோ அண்ணன்: கறற்பூட்டு.

அண்ணன், சொல் அழகு. உருக்குத் தண்டுக்கு முழுக்கப் பொருந்தும். ஆனால் கறல் என்பது இரும்பினுடைய சொல். செந்நிறம் மனதில் வந்துவிடும். தம்பி தண்டைச் சுற்றிச் சிவப்பைத் தேடுவார், காணாவிட்டால் பரவாயில்லை என்று வாங்கிவிடுவார். அவர் பார்க்க வேண்டியது வெள்ளையை.

அந்த வெள்ளைக்கு நம்மிடம் சொல் இருக்கிறது. சுவரில் உப்புப் பூத்திருக்கு என்கிறோம். உவர் பூத்த நிலம் என்கிறோம். வெள்ளையாகப் பொரிந்து மேலே கிளம்புவதெல்லாம் தமிழில் பூப்பதுதான். தண்டு பூத்து, அதனால் இறுகிவிட்டது. ஆகவே பூத்திறுகல். இரும்போடு இரும்பு பிடிப்பதற்குக் கறலிறுகல். தமிழ்நாட்டார் துருவிறுகல் என்று வைத்துக்கொண்டாலும் குறைவில்லை. 'தண்டு பூத்திறுகிவிட்டது', 'பூத்திறுகிய தண்டு' என்று வினையாகவும் பெயரெச்சமாகவும் ஓடும். காரணம் முன்னே, விளைவு பின்னே. கேட்டவுடன் என்னத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிகிறது.

இரண்டு மறுப்பு வரலாம். இறுகல் என்றால் நட்டை அளவுக்கு மேல் முடுக்கியதையும் சொல்லுமே என்பது ஒன்று. உண்மை, அதனால்தான் முன்னே பூத்து என்றும் கறல் என்றும் நிற்கிறது. தனியே இறுகல் என்பதைப் பொதுச்சொல்லாக விட்டுவிடலாம். மற்றது, சுருக்கிப் 'பூப்பிறுகல்' என்று எழுதலாமா என்று ஒரு அக்கா தனிமடலில் கேட்டது. பூப்பு என்பதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் உறுதியாக நிற்பதால் அது வேண்டாம். பூத்து என்ற எச்சமே போதும்.

இந்தச் சொல் சைக்கிளோடு நிற்காது என்பதும் எனக்கு அதன்மேல் உள்ள பிடிப்புக்குக் காரணம். பாலமீன்மடு, வாழைச்சேனைப் பக்கம் படகு எஞ்சின் திருத்துபவர்களுக்கு அலுமினிய உடலில் உருக்கு ஆணி பிடித்துக்கொள்வது அன்றாடத் தலையிடி. கடற்கரை வீடுகளின் அலுமினிய ஜன்னல்களில் இரும்புத் திருகாணியைச் சுற்றிப் பூத்திருப்பதும் இதே காரியம். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அந்த மண்ணுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, எங்கள் காற்றும் உப்பும் செய்கிற வேலைக்கு வெளியூரிலிருந்து சொல் வரும் என்று காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, தம்பி, உங்கள் சைக்கிளுக்கு வருவோம்.

மறுபடி போகும்போது சின்னக் காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். தண்டில் ஒட்டினால் உருக்கு, கறலிறுகல், நம்பிக்கை உண்டு. ஒட்டாவிட்டால் அலுமினியம்; விளிம்பில் வெள்ளைப் பொருக்கும் தெரிந்தால் பூத்திறுகல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதே காந்தத்தை ரிம்மிலும் வைத்துப் பாருங்கள். குரோம் பூசிய உருக்கு ரிம் மழையில் பிரேக் பிடிக்காது.

ஹாண்டில் தண்டையும் மறக்காதீர்கள். அதுவும் பல வண்டிகளில் அலுமினியம், போர்க்கின் உருக்குக் குழாய்க்குள் இறங்கியிருக்கும். மேல் ஆணியை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, மரக்கட்டை வைத்து ஆணித் தலையில் மெதுவாகத் தட்டினால் உள்ளே உள்ள ஆப்பு விடுபடும். அதற்குப் பிறகும் ஹாண்டில் தனியே திரும்பாவிட்டால் அங்கேயும் பூத்திறுகல்தான். இரண்டு இடத்திலும் இருந்தால் வாங்க வேண்டாம், விலை எவ்வளவு குறைந்தாலும்.

பிறகு, ஹாண்டிலுக்குக் கீழே பிரேம் குழாய்கள் சேருமிடத்துக்குப் பின்னால், அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். சுருக்கமோ பெயின்ர் வெடிப்போ தட்டுப்பட்டால் முன்னால் எதிலோ மோதிய வண்டி. பின்சில்லு அச்சு பூட்டுமிடத்திலிருந்து ஒரு நூலை, முன்னால் ஹாண்டில் தண்டு நிற்கும் தலைக்குழாயைச் சுற்றி மறுபக்கம் இழுத்துக் கட்டி, நூலுக்கும் இருக்கைக்குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரு புறமும் அளந்தால் பிரேம் கோணலா என்று தெரியும். செயின், பிரேக் கட்டை, கேபிள் எல்லாம் தேய்ந்திருந்தாலும் கவலையில்லை, மாற்றலாம்.

டயர் அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நம்மூர்க் கடைகளில் வழக்கமாகத் தொங்குவது சாதாரண சைக்கிளின் 28, 26 அங்குல டயர். பழைய இங்கிலாந்து ரேஸ் சைக்கிளில் 27 அங்குலம் இருந்தால் அதன் ரிம் அளவு 630 மி.மீ., இப்போதைய ரேஸ் டயர் 622. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஏறாது. கல்முனைக் கடைகளில் முதலில் கேட்டு வையுங்கள்.

தண்டு உருக்காக இருந்து, பிரேமும் நேராக இருந்தால் வாங்கலாம் என்பது என் கருத்து. அலுமினியமாக இருந்தால், விற்பவரையே கழற்றித் தரச் சொல்லுங்கள், கழன்று, 27.2 என்று கண்டால் அவர் கேட்கிற விலையைக் கொடுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் சில்லும் கியரும் தனியே விற்றால் எவ்வளவு வருமோ அதற்குமேல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

பூத்திறுகல், கறலிறுகல், இருக்கைத்தண்டு, இருக்கைக்குழாய் ஆகிய நான்கையும் குழுவின் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க முன்மொழிகிறேன். மாற்றுச் சொல் உள்ளவர்கள், அந்தச் சொல்லைச் சைக்கிள் கடையில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து