மறுமொழி: வேறு கணினியில் ஓடும் நிரலின் சாளரம் நம் திரையில் திறப்பதற்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

இதற்கு இதுவரை முன்வைக்கப்பட்ட சொற்களில் 'தொலைக்காட்சி' ஏற்கெனவே டிவிக்குப் போய்விட்டது, அதை விட்டுவிடலாம். 'திரைப்பகிர்வு' மக்களுக்குப் பழகிய சொல் என்று ஓசூர் நண்பர் எழுதியிருந்தார். பழகியதுதான், ஆனால் வேறு வேலைக்கு. இணையவழிக் கூட்டத்தில் ஒருவர் தன் திரையை மற்றவர்களுக்குக் காட்டுவதே பகிர்வு.

லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11 அமைப்பில் நடப்பது அதுவல்ல. ஓசூரில் உட்கார்ந்துகொண்டு, தருமபுரி ஆய்வகக் கணினிக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் கட்டளை) வழியாக, பெரிய எழுத்து எக்ஸ் தெரிவையும் (ssh -X) சேர்த்து நுழைகிறோம். அங்கே ஜிம்ப் என்ற படத்தொகுப்பு நிரலைத் தொடங்கினால் தருமபுரித் திரையில் ஒன்றும் தெரியாது. நினைவகமும் செயலியும் அங்கே உழைக்கின்றன, சாளரம் மட்டும் ஓசூரில் நம் மற்றச் சாளரங்களுக்கு நடுவே திறக்கிறது. இணைப்பு அறுந்தால் பொதுவாக நிரலும் நின்றுவிடும். தொலைக் கணினியைப் பயன்படுத்த உதவும் இன்னொரு முறையான விஎன்சி முழு மேசைத்தளத்தையும் படமாக அனுப்புகிறது, மறுபடி இணைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் வகுப்பெடுப்பவர் திண்டாடுவார்.

'சாளரக் கடத்தல்' இயற்பியல் படித்தவர்களுக்குச் சரி. ஆனால் சந்தனக்கட்டைச் செய்திகளோடு வளர்ந்த நம் பக்கத்து மக்களுக்கு அந்தச் சொல் வேறொன்றையே நினைவூட்டும். 'முன்னனுப்பல்' மின்னஞ்சலில் நன்றாகவே ஓடுகிறது. இங்கே எனக்குள்ள தயக்கம், அது அனுப்பும் கணினியின் பக்கம் நின்று பேசுகிறது என்பதுதான். பயன்படுத்துபவர் இந்தப் பக்கம் இருக்கிறார். சாளரத்தைத் தன்னிடம் வரச்செய்வது அவர்தான்.

அதனால் 'சாளர வருவிப்பு' என்று முன்மொழிகிறேன். பாட்டில் இல்லாத சொல்லை உரையாசிரியர்கள் வருவித்து உரைப்பார்கள், வெளியூர்ச் சரக்கைக் கடைக்காரர் வருவிப்பார். வினையாகவும் எளிதாக வளைகிறது: சாளரத்தை வருவி, வருவித்த சாளரம். எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பை விளக்கும்போது 'வருவிப்பை அனுமதி' என்று எழுதலாம்.

அப்புறம், பாலக்கோட்டுத் தம்பி கேட்ட கேள்வி. "நிரல் அங்கே ஓடுகிறது, பிறகு என் கணினியை ஏன் வழங்கி (சர்வர்) என்கிறார்கள்?" நல்ல கேள்வி தம்பி, கையேட்டில் இதைக் கட்டாயம் விளக்க வேண்டும். திரை, விசைப்பலகை, சுட்டி மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. அவற்றை நிரல்களுக்கு வழங்குவது உங்கள் கணினி, கேட்டு வாங்குவது ஜிம்ப். 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் அதீனா திட்டத்தில் எக்ஸ் பிறந்த காலத்திலிருந்தே இந்தப் பிரிவினைதான். எந்தத் திரையில் வரைய வேண்டும் என்பதை 'டிஸ்பிளே' என்ற சூழல் மாறியை (நிரல்களுக்கு இயங்குதளம் தரும் அமைப்பு மதிப்பை) பார்த்தே நிரல் அறிகிறது. ஆகவே 'வழங்கி'யைத் திருப்பிப்போட வேண்டாம். 'திரை வழங்கி' என்றால் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்டுக்கும் இந்தச் சொல் பொருந்தும். அங்கே இதே வேலையை வேபைப் என்ற தனிக் கருவி செய்கிறது, நம் சொல்லில் எக்ஸ் என்ற பெயர் இல்லாததால் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

'வருவிப்பு' பேச்சில் இடறுகிறது என்று நினைப்பவர்கள் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள். வினை வடிவத்தையும் சேர்த்தே எழுதுங்கள், நிரலின் பட்டியில் (மெனுவில்) அதுதான் முதலில் தேவைப்படும்.