சமதூரம் என்றால் நடுப்புள்ளி ஒன்றுதானே?

கேள்வி:
மகள் பதினொன்றாம் வகுப்பு. தையல் வேலைக்கு நடுவே அவள் கணக்கையும் கூட உட்கார்ந்து பார்ப்பேன். (2, 3), (6, 5) இரண்டிலிருந்தும் சமதூரத்தில் நகரும் புள்ளியின் நியமப்பாதை, அதாவது அப்படிப்பட்ட எல்லாப் புள்ளிகளும் சேர்ந்த பாதை, கேட்டிருந்தது. 2எக்ஸ் + ஒய் = 12 என்று சரியாகவே போட்டுவிட்டாள். ஆனால், "சமதூரம்னா நடுவுல இருக்கிற (4, 4) மட்டும்தானேம்மா, கோடு எங்கிருந்து வந்துச்சு?" என்கிறாள். எனக்கும் பதில் தெரியவில்லை. வாய்பாடு வேண்டாம், புரிய வைக்க வழி சொல்லுங்கள்.

பதில் 1:
நல்ல சந்தேகம். இரண்டு புள்ளிகளையும் சேர்க்கும் கோட்டின் மேலேயே தேடினால் (4, 4) ஒன்றுதான் கிடைக்கும். அதைவிட்டு இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். (5, 2) எடுத்தால் இரு பக்கமும் தூரம் √10. (0, 12) வரை போனாலும் இரு பக்கமும் √85. அவளே இன்னும் நாலைந்து போட்டுப் பார்க்கட்டும்.

பதில் 2:
தாளில் அ, ஆ என்று இரண்டு புள்ளி வையுங்கள். வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றின் மேல் மற்றது விழும்படி மடியுங்கள். மடிப்பில் எந்த இடத்திலிருந்து அளந்தாலும் அ-வுக்கும் ஆ-வுக்கும் ஒரே தூரம், ஏனென்றால் மடித்தபோது அந்த இரண்டு தூரமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டன. அதுதான் மையக்குத்துக்கோடு, அதாவது அ-வையும் ஆ-வையும் சேர்க்கும் கோட்டை நடுவில் செங்குத்தாக வெட்டும் கோடு.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். மடிப்புக்கு வெளியே ஒரு புள்ளிகூட ஆகாது என்பதும் தெரிந்தால்தான் அது நியமப்பாதை. அ இருக்கும் பக்கம் ப என்று ஒரு புள்ளி வையுங்கள். ப-விலிருந்து ஆ-வுக்குப் போகும் கோடு மடிப்பை ம-வில் வெட்டும். ம-விலிருந்து ஆ எவ்வளவு தூரமோ அ-வும் அவ்வளவுதான். ஆகவே ப-விலிருந்து ஆ-வுக்குப் போவதும், ம வழியாக அ-வுக்குப் போவதும் ஒரே நீளம். ம-வைச் சுற்றாமல் நேரே போனால் அ கிட்டத்தில்தானே இருக்கும்? சமதூரம் அங்கேயே போயிற்று.

கேள்வி கேட்டவர்:
ரவிக்கையின் முதுகுத் துண்டை மடித்து நடுக்கோடு எடுப்பது எனக்குத் தினசரி வேலை! இரண்டு தோள் முனையையும் ஒன்றாக வைத்து நகத்தால் நீவினால் கோடு விழும். துணியிலேயே மடித்துக் காட்டினேன். அவளே டேப்பை எடுத்து மடிப்பில் ஏழெட்டு இடம் அளந்தாள். அப்புறம், "ஒரு புள்ளிக்குப் பதில் ஒரு கோடு இருந்தா?" என்று கேட்டாள்.

பதில் 2:
தாளின் கீழ் விளிம்புதான் அந்தக் கோடு. அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளி வைத்து, விளிம்பின் வெவ்வேறு இடங்கள் அந்தப் புள்ளியில் படும்படி இருபது முப்பது முறை மடிக்கச் சொல்லுங்கள். மடிப்புகளுக்கு நடுவே பரவளையம் என்ற வளைவு தெரியும்; அந்தப் புள்ளிக்கும் விளிம்புக்கும் சமதூரத்தில் இருக்கும் பாதை அதுதான்.